மலையகத் தோட்டக் கோயில்களின் உலோகத் திருமேனிகள்: வரலாறும் பேணுகையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களுள் கோயில் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. பெரும்பாலும் மாரியம்மனும், அடுத்தபடியாகப் பிள்ளையாரும் முருகனும் அக்கோயில்களில் எழுந்தருளியுள்ளனர். திருவிழாக் காலத்தில் வீதியுலா வரும் உலோகத் திருமேனிகளைத் தோட்ட மக்கள் கண்ணினும் மேலாகப் போற்றுகின்றனர். ஆயினும் அப்போற்றுதலின் ஒரு கூறாகிய துலக்குதலே அத்திருமேனிகளைத் தேய்த்து அழித்துவருகின்றது. அதனுடன் மலையக மக்களின் வரலாற்றுச் சான்றுகள் சிலவும் மறைந்துவருகின்றன. இத்திருமேனிகள் மலையகத்துக்கு வந்த வரலாற்றையும், அவற்றுக்கு நேரும் கேடுகளின் காரணங்களையும், வழிபாட்டு மரபுக்கு முரணாகாத பேணும் முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

பேச்சு வழக்கிலே உலோகத் திருமேனிகள் யாவும் பித்தளைச் சிலை என்றோ, வெண்கலச் சிலை என்றோ, ஐம்பொன் சிலை என்றோ வேறுபாடின்றிக் குறிக்கப்படுகின்றன. பேணுகையைப் பற்றிப் பேசுமிடத்து இவ்வேறுபாடு இன்றியமையாதது. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். செம்பும் நாகமும் கலந்தது பித்தளை. துத்தநாகம் என்பதும் இந்நாகமே. ஐம்பொன் என்பது செம்பு மிகுதியாகவும் ஏனைய உலோகங்கள் சிறிதளவாகவும் சேர்ந்த கலவை. பொன்னும் வெள்ளியும் அதிற் சேர்க்கப்படுவது பெரும்பாலும் சடங்களவிலேயே ஆகும்.

சோழர் காலத் திருமேனிகள் செம்பிலும், வெள்ளீயமும் ஈயமும் சிறிதளவு கலந்த செப்புக் கலவையிலும் வார்க்கப்பட்டவை. கல்வெட்டுகளும் அவற்றைச் செப்புத் திருமேனிகள் என்றே வழங்குகின்றன. நாகம் 907 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும். செம்போ 1,085 பாகையிலேதான் உருகும். ஆகவே நாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுத்துக் கலத்தல் பண்டைக் கம்மியர்க்கு எளிதாக இருக்கவில்லை. இராசத்தானத்தின் சாவார் என்னும் இடத்தில் நாகத்தை வாலைவடித்துப் பெறும் முறை இடைக்காலத்தில் வளர்ந்தது. 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து பித்தளைத் தகடு பெருமளவில் இந்தியாவிற்கு வந்திறங்கவே, குடமும் குத்துவிளக்கும் திருவாசியும் கவசமும் எளிய மக்களுக்கும் எட்டும் பொருள்களாயின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மலைநாட்டுக்கு மக்கள் வந்து குடியேறிய காலமும் இந்நூற்றாண்டேயாகும்.

சூலத்திலிருந்து திருமேனிக்கு

கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய 1830 களிலிருந்து திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் இலங்கைக்கு வரலாயினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தே வந்தனர். வழியிலே கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அத்தகைய நடைப்பயணத்தில் கனத்த திருமேனியைச் சுமந்து வருதல் இயலாத காரியம். அவர்கள் கொண்டுவந்தது தெய்வத்தின் பெயரும், கோயிலிலிருந்து எடுத்த ஒரு பிடி மண்ணும், நோய்க்கு அஞ்சி நேர்ந்த நேர்த்தியுமே எனலாம். மரத்தடியில் நட்ட கல்லும் சூலமுமே தோட்டத்தின் முதற் கோயில்களாயின. அம்மை நோயையும் பேதியையும் கண்டஞ்சிய மக்களிடையே மாரியம்மன் வழிபாடு முதன்மை பெற்றது வியப்பன்று. தொழிலின் அச்சங்களிலிருந்து புதுத் தெய்வங்களும் தோன்றின. தொழிற்சாலைச் சக்கரத்துக்குரிய ரோதைமுனியும் கொழுந்துக்குரிய கொழுந்துச்சாமியும் இதற்குச் சான்றாவர்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே போதுமானது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். எனவே வந்து போனவர்கள் குடும்பமாகத் தங்கினர். லயம் நிலையான குடியிருப்பாயிற்று. புகையிரதப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. 1914 இல் தலைமன்னார்ப் பாதையும் கப்பற் சேவையும் இணைந்தபின், தமிழகத்திலிருந்து பொருள்களைத் தோட்டம்வரை கொண்டுவரும் வழி எளிதாயிற்று. தங்குதலும் போக்குவரத்தும் சேர்ந்தபோதுதான், கல்லும் சூலமும் இருந்த இடத்திற் கட்டடமும், கட்டடத்தினுள் மூலவரும், வீதியுலாவுக்குரிய உலோகத் திருமேனியும் அமையும் வாய்ப்பு உண்டாயிற்று. பெரிய கங்காணிமார் இதில் முன்னின்றனர். தொழிலாளரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துச் சேர்த்த கோயிற் பணமும் இதற்கு உதவிற்று.

ஆகம மரபிலே மூலவர் கல்லிலும் உற்சவர் உலோகத்திலும் அமைவது வழக்கம். கல் நிலைபெற்றிருக்கும். உலோகம் வெளியே வரும். தோட்டத்தின் வரலாற்றில் இவ்வெளிவருகை தனிப்பொருள் உடையது. லயத்திற்கும் மலைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே அடைபட்டிருந்த மக்கள், ஆண்டிற்கொருமுறை தம் தெய்வத்தைத் தேரேற்றித் தோட்ட எல்லையைச் சுற்றிவந்து, சில இடங்களில் நகர வீதிவரை கொண்டுசென்றனர். ஆகவே உற்சவத் திருமேனி அவர்கள் அவ்விடத்திற்கு உரியவர்கள் என்பதைப் பறைசாற்றும் அடையாளமுமாயிற்று.

பீடத்து எழுத்து

தமிழர் வீட்டிலே குடத்திலும் செம்பிலும் உரியவர் பெயரைப் பொறித்து வைத்தல் நெடுநாளைய வழக்கம். கோயிலுக்கு அளிக்கும் விளக்கு, மணி, திருவாசி, பீடம் ஆகியவற்றில் உபயகாரர் பெயர், ஊர், ஆண்டு என்பன வெட்டப்படுவதும் அவ்வாறே. தோட்டத்தின் வழக்குப் பெயர், உபயகாரரின் சொந்த ஊர், தமிழ் ஆண்டின் பெயர் ஆகிய மூன்றும் ஒரு விரற்கடை உலோகத்தில் அடங்கிவிடக்கூடும்.

இதன் பெறுமதியை உணர்வதற்கு 1948 ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பரம்பரைக் குடியுரிமைக்குத் தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமைக்கோ சான்று வேண்டிற்று. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமையாற் பல்லாயிரவர் நாடற்றவராயினர். தோட்டத் துரைமாரின் ஏடுகள் கொழுந்தின் நிறையையும் ஆட்களின் தொகையையும் எழுதினவேயன்றி, அம்மக்களின் வாழ்வை எழுதவில்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் சென்றவர்கள் அங்கும் மாரியம்மன் கோயில் எடுத்தனர். இங்கு நாடற்றவராய் எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே தீர்வு கண்டது.

பித்தளையில் வெட்டிய பெயரை எந்தக் குடியுரிமை அலுவலரும் பத்திரமாக ஏற்றிருக்க மாட்டார். ஆனால் வரலாற்று மாணவனுக்கு அஃது ஆவணமே. ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தலைமுறையில் தோட்டத்திற் காலூன்றியது, யார் யார் சேர்ந்து கோயில் எடுத்தனர் என்பனவற்றுக்கு வேறு சான்று இல்லாதவிடத்து, பீடத்து எழுத்தே சான்றாகும். அவ்வெழுத்தின் ஆழம் பெரும்பாலும் ஒரு தாளின் தடிப்பளவே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாம்பலிட்டுத் தேய்த்தால் எத்தனை ஆண்டுகளுக்கு அது நிற்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மலைநாட்டுக் காலநிலையும் உலோகமும்

துலக்கும் முறை தமிழகத்துச் சமவெளியிலிருந்து வந்தது. அத்திருமேனிகள் நிற்கும் இடமோ வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவாகும். அட்டனுக்கு அணித்தாயுள்ள வட்டவளைப் பகுதி நாட்டின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்று. வைகறையிலே உலோகம் குளிர்ந்திருக்கும். நடைதிறந்து விளக்கேற்றி மக்கள் கூடும்போது, அவர்தம் மூச்சும் விளக்கின் வெம்மையும் கருவறைக் காற்றில் ஈரத்தைப் பெருக்கும். அவ்வீரம் குளிர்ந்த திருமேனியிற் பனித்துளியாகப் படியும். மழையே படாத திருமேனியும் இவ்வாறு நாள்தோறும் நனைகின்றது.

உலோகத்தின் மேற்படலங்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது, காற்றிலுள்ள ஒட்சிசனும் கந்தகச் சேர்வைகளும் தாக்குவதால் உண்டாகும் பழுப்பு அல்லது கருமை நிறப் படலம். இது மெல்லியது, உலோகத்தோடு ஒட்டியிருந்து மேலும் அரிப்பு நிகழாமற் காப்பது. இரண்டாவது, எண்ணெயும் அபிடேகப் பொருள்களும் தங்கிய இடங்களிற் காணும் பச்சைப் பிசுக்கு. எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்வதால் இது தோன்றும். சுத்தம் செய்தால் நீங்கும். மூன்றாவது, வெளிறிய பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாய் வெடித்தெழுவது. இதற்குக் காரணம் உப்பிலுள்ள குளோரைட்டு. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 45 வீதமளவைத் தாண்டினால் இவ்வகை அரிப்பு ஊக்கம் பெறும். மலைநாட்டிலோ காற்று பெரும்பாலும் அவ்வளவிற்கு மேற்பட்டே இருக்கும். ஆகவே ஒருமுறை உப்புப் புகுந்த திருமேனி உள்ளிருந்தே உண்ணப்படுகின்றது.

ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமையாக்குவது சைவ சித்தாந்த மரபு. களிம்பு வெளியிலிருந்து பூசப்பட்டதன்று, செம்போடு உடன்பிறந்தது என்பது அவ்வுவமையின் கருத்து. புளியிட்டுத் துலக்கிய செம்பு மீண்டும் களிம்பேறுவதை அன்றாடம் கண்டவர்களே இவ்வுவமையை எடுத்தாண்டிருத்தல் வேண்டும். துலக்குதல் ஒருபோதும் முடிவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒவ்வொரு துலக்கலிலும் உலோகத்தின் ஒரு படை கரைந்து போகின்றது என்பதை நாம் இன்று சேர்த்து அறிகின்றோம்.

துலக்குதலால் வரும் கேடு

புளி, உப்பு, சாம்பல், செங்கற்பொடி ஆகியவை அடுக்களைப் பாத்திரத்திற்கு உரியவை. பாத்திரம் தேய்ந்தால் வேறு வாங்கலாம். திருமேனியின் கண்ணிமை, விரல் நகம், மேகலையின் மணி என்பன தேய்ந்தால் மீளா. புளியிலுள்ள அமிலம் கருமையைக் கரைக்கும். அதனோடு சேர்க்கும் உப்பு மேற்கூறிய மூன்றாம் வகை அரிப்பிற்கு வித்திடும். செங்கற்பொடியும் மணலும் பீடத்து எழுத்தை அராவும். பித்தளையில் அமிலம் நெடுநேரம் தங்கினால் நாகம் முதலிற் கரைந்து, செந்நிறத் திட்டுகள் தோன்றும். அவ்விடத்தில் எஞ்சுவது நொய்ந்த செம்பே.

பித்தளைக்குத் தனியான பகையொன்றும் உண்டு. பிரித்தானிய இந்தியப் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை இலாயங்களின் அமோனியா ஆவியும் ஈரமும், அடித்தும் இழுத்தும் உருவாக்கிய பித்தளையினுள் ஒடுங்கிநின்ற விசையும் சேர்ந்தே அப்பிளவுக்குக் காரணமாயின என்பது பின்னர் அறியப்பட்டது. திருவாசியும் கவசமும் தகட்டை அடித்துச் செய்யப்படுபவை. ஆகவே அவற்றை மாட்டுப்பட்டிக்கு அருகிலோ, உர மூட்டைகள் கிடக்கும் அறையிலோ வைத்தலாகாது. கடைகளில் விற்கப்படும் மெருகுத் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியாவும் நுண்ணிய தேய்ப்புத்தூளும் இருத்தலின், அவற்றை விலக்குதல் நன்று.

பேணும் முறை

அபிடேகத்தை நிறுத்துக என்று கூறுவது எவர்க்கும் பொருந்தாது. அபிடேகத்திற்குப் பின் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தலே தேவை. பால், தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சஞ்சாறு, இளநீர் என்பவற்றுள் சில அமிலமும் சில உப்பும் இனிப்பும் உடையவை. முடிந்தவுடன் தூய நீரால் மும்முறையேனும் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். தேய்த்தலாகாது. பீடத்தில் தண்டு செருகும் துளைகள், அடிப்புறக் குழிவு, ஆடை மடிப்புகள் ஆகியவற்றில் நீர் தங்கும். திருமேனியை மெல்லச் சாய்த்து அந்நீரை வடித்து, இளவெயிலில் அல்லது காற்றோட்டமான அறையில் உலர்த்துக. ஈரம் உலராத திருமேனிக்குப் பட்டு உடுத்தினால், அதுவே நாட்கணக்கில் ஈரக்கட்டாகிவிடும். மலைநாட்டிலே பேணுகை என்பதன் முதற்பொருள் உலர்த்துதலேயாகும்.

தூசியைக் காய்ந்த மென்தூரிகையால் நீக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கிற்கும் கற்பூரக் கரிக்கும் வெதுவெதுப்பான நீரிற் சிறிது பூந்திக்கொட்டைச் சாறு போதுமானது. துலக்கியே ஆகவேண்டும் எனின், ஆண்டுத் திருவிழாவிற்கு முன் ஒருமுறை, உப்புச் சேராத நீர்த்த புளிக்கரைசலைச் சில நிமிடங்களுக்கு மட்டும் பஞ்சினால் தடவி, பலமுறை நீர் மாற்றிக் கழுவுக. எழுத்துள்ள இடத்தையும் முகத்தையும் தொடாது விடுக. மெருகு நிற்கத் தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் தூசியையும் பச்சைப் பிசுக்கையும் வரவழைக்கும். அதற்கு மாறாக, நன்கு உலர்ந்த திருமேனியில் மெழுகை மிக மெல்லிதாகப் பூசித் துணியால் துடைத்துவிடலாம். மெழுகிற் பிறந்த திருமேனிக்கு மெழுகு அயலானதன்று. சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவமைத்து, காவிரி வண்டல் மண்ணாற் கருக்கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பவர்கள் என்பது யாவரும் அறிந்ததே.

பிளாஸ்திக் உறையிற் கட்டிவைத்தல் ஈரத்தை அடைத்துவைத்தலாகும். பருத்தித் துணியிற் சுற்றி, நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து விலக்கி வைத்தலே ஏற்றது. வெளிறிய பச்சைத் தூள் தோன்றினால் வீட்டு மருத்துவம் உதவாது. சென்னை அரசினர் அருங்காட்சியகத்தில் 1930 இல் தொடங்கிய இரசாயனப் பாதுகாப்புக்கூடம் இவ்வகை அரிப்புக்கு உள்ளான திருமேனிகளை மின்பகுப்பு முறையாற் சீராக்கிற்று. கொழும்பு அரும்பொருட்சாலை பொலன்னறுவையிற் கிடைத்த சைவத் திருமேனிகளைப் பேணிவருகின்றது. 1907–1908 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அவற்றைப் பற்றி ஆனந்த குமாரசுவாமியும் பொன்னம்பலம் அருணாசலமும் எழுதினர். இத்தகைய நிலையங்களிற் பயின்றோரின் துணையை நாடுதலே முறையாகும்.

பதிவேட்டின் இன்றியமையாமை

செப்பனிடத் திருமேனியை வெளியே அனுப்புமிடத்து வேறோர் இடரும் உண்டு. தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்தில் 1951 இல் கிடைத்த நடராசத் திருமேனி 1950 களிற் சீர்செய்ய அனுப்பப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது அதன் படியே. மூலத் திருமேனி பல கைமாறி அமெரிக்காவை அடைந்து, வழக்கின் பின் 1980 களிலேதான் இந்தியாவுக்குத் திரும்பிற்று. படியும் மூலமும் வேறு என அறிவதற்கு உரிய அளவுகளும் படங்களும் முன்கூட்டியே இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

இப்பாடத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கைக்கொண்டவன் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெரியகோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரத்தைக் கோயில் முழக்கோலால் அளந்து, கைகளின் எண்ணிக்கையையும் பீடத்தின் அளவையும் அளித்தவர் பெயரையும் கல்லில் வெட்டச் செய்தான். அவ்வாறு பதியப்பட்ட திருமேனிகள் அறுபதிற்கு மேற்பட்டவை. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. திருமேனி போயும் பதிவு நின்றதனால் அவை இருந்தமையை நாம் அறிகின்றோம். தோட்டக் கோயிலில் இதன் மறுதலையைக் காண்கிறோம். திருமேனி நிற்கின்றது, பதிவு இல்லை. இருந்த ஒரே பதிவாகிய பீடத்து எழுத்தும் தேய்ந்துவருகின்றது. குடமுழுக்கின்போது பழைய திருமேனியை விலக்கிப் புதியதை எழுந்தருளச் செய்யுமிடத்து, பழையது உருக்கப்படுமாயின் அவ்வெழுத்தும் உடன் உருகிவிடும்.

எனவே ஒவ்வொரு தோட்டக் கோயிலும் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். திருமேனியின் பெயர், உயரம், அகலம், நிறை, கைகளும் கருவிகளும், பீடத்து எழுத்தின் படி, நான்கு புறமும் எடுத்த ஒளிப்படம், உபயகாரர் பற்றி முதியோர் கூறும் செய்தி ஆகியவை அதில் இடம்பெறுதல் வேண்டும். எழுத்தைப் படியெடுக்க ஒரு மெல்லிய தாளும் கரிக்கோலும் போதும். தாளை எழுத்தின்மேல் விரித்து, கரிக்கோலைச் சாய்த்து மென்மையாகத் தடவினால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். ஏட்டின் ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைத்தல் நன்று. மண்சரிவும் தீயும் கலவரமும் மலைநாடு அறியாதவையல்ல. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் நிகழ்ந்தவற்றை மறத்தல் இயலாது. பல்கலைக்கழகங்களிற் பயிலும் மலையக மாணவர்கள் விடுமுறையிலே தத்தம் தோட்டக் கோயிலில் இப்பணியைத் தொடங்கலாம்.

2023 ஆம் ஆண்டிலே மலையக மக்களின் இருநூறு ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியை மீண்டும் நடந்து காட்டலாம். அவர்தம் பெயர்களை மீண்டும் எழுதிவிட முடியாது. தமிழிலே விளக்குதல் என்னும் சொல் பாத்திரத்தைத் துலக்குதலையும் பொருளைத் தெளிவாக்குதலையும் ஒருங்கே குறிக்கும். தோட்டக் கோயிலின் திருமேனிகளைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றற்கொன்று எதிராய் நிற்கின்றன. மினுக்கம் குறைந்த திருமேனியின் அருள் குறைவதில்லை என்பதை நம் மக்கள் ஏற்பாராயின், அவர்தம் முன்னோரின் பெயர்கள் அப்பீடங்களில் இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும்.